துவைக்காத சாரம்

அபர்ணாவை இரண்டரை வயதில் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என் ஆட்டோவில், என் இரண்டு கைகளுக்கும் நடுவில், கம்பியைப் பிடித்து நின்றபடியே வருவாள். போலீஸ்காரர் பார்த்தால் வைவார், வையட்டும். இலஞ்சியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் இரண்டு பக்கமும் லாட்ஜுகள்தான். ஒவ்வொன்றாகக் கையை நீட்டிக் காட்டிக் கத்திக்கொண்டே வருவாள். "மஞ்சக் கேட்டு! பச்சை சன்னலு! காவிச் செவரு!" சொல்லி முடிப்பதற்குள் அடுத்த லாட்ஜ் வந்துவிடும். மூச்சு வாங்கும். ஆனாலும் ஒன்றையும் விடமாட்டாள். பின்னால் உட்கார்ந்திருக்கும் மதுரைக்காரர்கள் குளிக்க வந்ததையே மறந்துபோய் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "யாரு பிள்ளைங்க?" என்று கேட்டால், கொஞ்சமும் கூசாமல் "நம்ம பிள்ளைதான்" என்பேன்.

உள்ளதைச் சொன்னால் அவள் என் எதிர்வீட்டுப் பாண்டியின் மகள். என் பெயர் இசக்கிமணி. ஆட்டோக்காரன், வாய் கொஞ்சம் நீளம், கல்யாணமாகிப் பிள்ளையில்லாதவன். ஆகவே அந்தப் பிள்ளை என் பிள்ளை என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது.

பாண்டியின் அப்பா வரைக்கும் வயல் வேலை. பாண்டி பிரஷ்ஷைப் பிடித்துவிட்டான். சீசனுக்கு முன்னால் சித்திரை வைகாசியிலும், ஐயப்பன் சாமிமார் வருவதற்கு முன்னால் ஐப்பசியிலும் குற்றாலத்து லாட்ஜுக்காரர்களுக்குப் பெயிண்ட் பைத்தியம் பிடித்துவிடும். சாரல் அடித்து அடித்து இரும்பெல்லாம் பொரிந்து நிற்கும். பழையதைச் சுரண்டாமல் மேலே புதுசைப் பூசினால் ஒரு மழைக்குத் தாங்காது. சுரண்டுவதில் பாண்டியை அடிக்க ஆள் கிடையாது. கம்பிப் பிரஷ்ஷால் ஒரு தேய், உப்புத்தாளால் ஒரு தேய். பச்சைக்குக் கீழே ஊதா வரும், ஊதாவுக்குக் கீழே மஞ்சள் வரும். "அண்ணாச்சி, இந்த மஞ்சளுக்கு ஒங்க வயசு இருக்கும்" என்று என்னிடம் காட்டுவான். சாயங்காலம் என் ஆட்டோவில் ஏறும்போது அவன் புருவம், காது மடல், மூக்கு முடி எல்லாவற்றிலும் அந்த மஞ்சள் தூள் இருக்கும். வீட்டு வாசலில் இறங்கியதுதான் தாமதம், அபர்ணா ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொள்வாள். அவன் தூக்குவான். அவள் அவன் கழுத்தில் மூக்கை வைத்து இழுப்பாள்.

எங்கள் பக்கம் லுங்கியைச் சாரம் என்போம். பாண்டி வேலைக்குக் கட்டிய பழைய கட்டம்போட்ட சாரம் ஒன்றைத்தான் அவன் பெண்டாட்டி காளீஸ்வரி பிள்ளைக்குத் தொட்டிலாகக் கட்டியிருந்தாள். பிள்ளை தொட்டிலை விட்டு இறங்கின பிறகும் அதை விடவில்லை. அதன் ஒரு முனையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டுதான் தூங்குவாள். போகிற இடமெல்லாம் அதுவும் போகும். ஒரு வெள்ளிக்கிழமை காளீஸ்வரி அதைச் சோப்புப் போட்டுத் துவைத்துக் காயப்போட்டுவிட்டாள். அன்றைக்கு அந்தத் தெரு பட்ட பாடு! பிள்ளை அந்தத் துணியை மோந்து பார்த்தது, தூர எறிந்தது, மூச்சு நின்றுபோகிற மாதிரி அழுதது. மறுநாள் காலையில் பாண்டி என்ன செய்தான் தெரியுமா? அந்தச் சாரத்தையே இடுப்பில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். சாயங்காலம் வந்து அவிழ்த்து அவள் கையில் கொடுத்தான்.

"இந்தா தாயி, சார்ஜ் ஏத்திக் கொண்டாந்துட்டேன்" என்றான்.

அவள் முனையை வாயில் வைத்தாள், சிரித்தாள், சாய்ந்துவிட்டாள். நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதிலிருந்து வாசம் குறைகிறபோதெல்லாம் அவன் அதைக் கட்டிக்கொண்டு போவதும், வந்து கொடுப்பதும் வழக்கமாகிவிட்டது. அவனுக்கு அதில் சொல்ல முடியாத பெருமை.

"எவனுக்கு அண்ணாச்சி இப்பிடிப் பிள்ள அமையும்? எம் மேலு வாசம் இல்லாம அவளுக்கு ஒறக்கம் வரமாட்டேங்கு. நான் வேலையில நின்னாலும் பக்கத்துல கெடக்கேன்னு நெனச்சிக்கிடுதா."

முதலில் காவிதான் போனது. அந்தக் காவிச் சுவரைத் தாண்டும்போது அவள் பேசாமல் இருந்தாள். தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். பிறகு ஊதா போனது. பிறகு ஒருநாள், "ஏ அபர்ணா, அங்கன பாரு, என்ன கலரு?" என்று கேட்கிறேன், அவள் கேட்டைப் பார்க்காமல் என் விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மூன்றரை வயதில் வாயில் நாலைந்து சொல்தான் மிச்சம். வயிறு வலிக்கிறது என்று சுருண்டு கிடப்பாள். சோறு இறங்காது. நினைத்தாற்போல் ஒரு கோபம் வரும் பாருங்கள், சுவரில் தலையை முட்டுவாள். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துத் தர வாங்கிய என் கையை ரத்தம் வரக் கடித்துவிட்டாள். வலி பெரிதில்லை. கடித்துவிட்டு, என்ன செய்தோம் என்று தெரியாமல் விழித்தாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பால்வாடி டீச்சர் ஒருநாள் காளீஸ்வரியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "ஒரு நிமிசம் இருந்த இடத்துல இருக்க மாட்டேங்கா. மத்த பிள்ளைகளைக் கடிச்சி வைக்கா. வயசு ஏற ஏறப் பேச்சு கொறஞ்சிக்கிட்டே வருது. ஒரு நல்ல டாக்டராப் பாத்துக் காட்டும்மா."

காளீஸ்வரி பீடி சுற்றுகிறவள். மடியில் முறம், சொளவு என்போம், அதில் இலையும் தூளும், விரல் தானாக ஓடிக்கொண்டிருக்கும். தெருவில் பாதிப் பெண்களுக்கு அதுதான் வேலை. பாண்டி அதைப் பிடித்துக்கொண்டான்.

"ஏட்டி, நான் அன்னைக்கே சொன்னேன்லா? பொகையிலத் தூளுக்குள்ள பிள்ளையப் போட்டு வளத்தா இப்பிடித்தான் ஆவும்."

"நான் மட்டுமா சுத்துதேன்? இந்தத் தெருவே சுத்துது. எங்க அம்மை மடியில சொளவ வச்சிக்கிட்டுத்தான் எனக்குப் பாலு குடுத்தா. நான் என்ன பேசாமயா இருக்கேன்?"

"நீ பேசுததுதான் தெரியுதே! பிள்ளைக்குப் பேச்சு நின்னுட்டு, ஒனக்கு நிக்க மாட்டேங்கு."

காளீஸ்வரி அன்று மாலையே சொளவைக் கழுவிப் பரணில் கவிழ்த்துவிட்டாள். அதோடு நிற்கவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பண்பொழித் திருமலைக் கோயில் படி முழுக்க ஏறினாள். பாதி வழியில் நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். "வேண்டாம் அண்ணாச்சி, எம் பாவம் எங்கூடயே ஏறட்டும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பாவமாம், என்ன பாவத்தைக் கண்டாள் அவள்? பீடி போயும், படி ஏறியும், பிள்ளை அப்படியேதான் இருந்தாள்.

ஐப்பசி மாதத்தில் நான்தான் பிடிவாதமாக அவர்களைத் தென்காசிக்குக் கூட்டிப்போனேன். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு குழந்தை டாக்டர், லோகநாயகி என்று பெயர், சின்ன வயது, படபடவென்று பேசுகிறவர். உள்ளே போகுமுன் காளீஸ்வரி அந்தச் சாரத்தைப் பிள்ளையிடமிருந்து எப்படியோ நைசாக உருவி, சுருட்டி என் கையில் கொடுத்தாள். "அழுக்குத் துணி அண்ணாச்சி. ஆஸ்பத்திரிக்குள்ள கொண்டு போனா ஒரு மாதிரிப் பாப்பாவ. நீங்க வச்சிருங்க" என்றாள். நான் அதை சீட்டில் போட்டுவிட்டு, அவர்களுக்குத் துணையாகக் கதவோரம் போய் நின்றுகொண்டேன்.

டாக்டர் எல்லாம் கேட்டார். பிரசவம் எப்படி, எப்போது நடந்தாள், எப்போது பேசினாள். பிறகு, "அப்பா என்ன வேலை?" என்றார்.

"பெயிண்டர்மா."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. "புதுசு அடிக்கிறதா, பழசைச் சுரண்டுறதா?"

"ரெண்டுந்தான். சுரண்டுததுதான் நமக்கு மெயின் வேலை."

பிள்ளைக்கும் அப்பனுக்கும் ரத்தம் எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று மறுபடி போனோம். டாக்டர் காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு பேர் முகத்தையும் பார்த்துப் பேசினார்.

"ரத்தத்துல காரீயம் இருக்கு. பேட்டரிக்குள்ள இருக்கே, அந்த ஈயம். உங்களுக்கும் இருக்கு, பிள்ளைக்கும் இருக்கு. அந்தக் காலத்து எனாமல்ல மஞ்சளும் சிவப்பும் பளிச்னு நிக்கணும்னு இதைச் சேர்த்தாங்க. சுரண்டும்போது அதுதான் தூளாப் பறக்குது. உங்க உடம்புல, துணியில ஒட்டி வீட்டுக்கு வருது."

"எம்புட்டு உள்ள போயிருக்கும்மா?" என்றான் பாண்டி.

"கண்ணுக்குத் தெரியாத அளவு போதும். பிள்ளையோட உடம்பு பாவம், இதைச் சுண்ணாம்புச் சத்துன்னு நினைச்சு வாங்கிக்கும். எலும்புல சேர்த்து வைக்கும், மூளைக்கும் அனுப்பும். மூளை வளர்ற நேரம் இது. பேச்சு, கவனம், கோபத்தை அடக்குறது எல்லாத்தையும் குழப்பிரும்."

எனக்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது. பயத்தில் மட்டுமில்லை. நான் டவுசர் போட்டுப் பள்ளிக்கூடம் போன காலத்தில் எவனோ ஒருவன் ஒரு கேட்டுக்கு அடித்த மஞ்சள், இத்தனை வருடச் சாரலிலும் கரையாமல் காத்துக்கிடந்து, இந்தப் பிள்ளையின் எலும்புக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. எறும்பு தூக்குகிற அளவுகூட இல்லாத ஒரு தூள், ஒரு பிள்ளையின் காவியை, ஊதாவை, பச்சையை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. மனுஷ உடம்பு இவ்வளவு நுணுக்கமான சாமானா என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

காளீஸ்வரி மெதுவாகக் கேட்டாள். "பீடித் தூளால இல்லியாம்மா?"

"பீடித் தூளும் பிள்ளைக்கு ஆகாதுதான், தள்ளியே வைங்க. ஆனா இது அதால வந்ததில்ல."

அவள் திரும்பிப் புருஷனைப் பார்க்கவில்லை. அவன்தான் தன் நகக்கண்ணைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் சொன்னதை அவன் அட்சரம் பிசகாமல் செய்தான், அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்லுவேன். வேலைத்துணி லாட்ஜோடு நின்றது. வேலை முடிந்ததும் மாற்றுத்துணியையும் சோப்பையும் எடுத்துக்கொண்டு நேரே பேரருவிக்குப் போனான். நான் ஆட்டோவைப் போட்டுவிட்டுப் பாலத்துப் பக்கம் நிற்பேன். ஐப்பசித் தண்ணீர். மேலிருந்து இறங்கி, பாறையில் இடித்துப் பொங்கி, அங்கிருந்து ஆவேசம் வந்ததுபோல் விழுகிறது. சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவது கேட்காது. எண்ணெய் தேய்த்த வெளியூர்க்காரர்கள் கும்மாளம் போடுகிற கூட்டத்தில் இவன் ஒருத்தன் மட்டும் காது, மூக்கு, நகக்கண், தலைமயிர் என்று தேய்த்துக்கொண்டே நிற்பான். தண்ணீர் அவனை அடிக்கிற அடியைப் பார்த்தால் எனக்கு முதுகு வலிக்கும். அவன் நகரமாட்டான். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற அருவிதான். எனக்கு அது சவாரி, அவ்வளவுதான். அந்த ஐப்பசியில்தான் முதல்முறையாகக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

வீட்டில் காளீஸ்வரி தரையை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து சிமெண்டையே தேய்த்துவிட்டாள். முட்டை, பால், முருங்கைக்கீரை, நெல்லிக்காய் என்று டாக்டர் சொன்னதெல்லாம் பிள்ளையின் வாய்க்குள் போனது. பாதி வெளியே வந்தது. அவள் சளைக்கவில்லை, மறுபடி ஊட்டினாள். பிள்ளையின் விளையாட்டுச் சாமான் ஒவ்வொன்றையும் கழுவி வெயிலில் வைத்தாள். சாரம் மட்டும் அப்படியே இருந்தது. அது விளையாட்டுச் சாமானா என்ன? அது வேலைத்துணியும் இல்லை, பிள்ளையின் துணி. துவைத்தால் அழுவாள். எல்லாவற்றையும் பிடுங்கியாகிவிட்டது, அதாவது இருக்கட்டும் என்றிருந்தாள் காளீஸ்வரி.

மாசி மாதம் மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். குறைந்திருக்கும் என்று நம்பி, போகிற வழியிலேயே அல்வா வாங்கி வைத்திருந்தேன். குறையவில்லை. பாண்டிக்குக் குறைந்திருந்தது. பிள்ளைக்கு முன்னைவிடக் கூடியிருந்தது.

டாக்டருக்கே முகம் வாடிவிட்டது. மறுபடி முதலிலிருந்து கேட்டார். குடிதண்ணீர் எது, சமைக்கிற பாத்திரம் எது, வீட்டுச் சுவரில் என்ன பெயிண்ட், கண்மை வைப்பீர்களா, நாட்டு மருந்து கொடுப்பீர்களா. எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது, எதிலும் குற்றம் இல்லை. பாண்டி சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டு, "நான் வீட்டுக்கே போகல்லம்மா, வேற எங்கனயாவது படுத்துக்கிடுதேன். அப்பமாச்சும் கொறையுமா?" என்று கேட்டான்.

நான் அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்துவிட்டேன். மடியில் அந்தச் சாரம் கிடந்தது. உள்ளே அபர்ணாவின் கத்தல் கேட்டது, எதையோ தட்டிவிட்ட சத்தம் கேட்டது. பிறகு பார்த்தால், பிள்ளை கதவைத் தள்ளிக்கொண்டு தனியாக ஓடிவருகிறாள். படியில் விழுந்தாள், எழுந்தாள், நேரே என் மேல் ஏறிச் சாரத்தை இழுத்து முனையை வாயில் திணித்துக்கொண்டாள். கத்தல் நின்றது. கண் செருகிவிட்டது. பின்னாலேயே ஓடிவந்த டாக்டர், காலில் செருப்புக்கூட இல்லாமல் அந்த வெயில் தரையில் அப்படியே நின்றுவிட்டார். பிள்ளையின் கடைவாயில் ஒழுகின எச்சில் என் உள்ளங்கையில் விழுந்திருந்தது. லேசாக மஞ்சள் நிறம்.

"இது என்ன?" என்றார் டாக்டர்.

"அவ துணிம்மா" என்றாள் பின்னால் வந்த காளீஸ்வரி. "அழுக்கா இருக்குன்னு உள்ள கொண்டாரதில்ல. அண்ணாச்சிட்ட குடுத்துட்டு வருவேன்."

"துவைக்கிறது?"

"துவைச்சா தொடமாட்டா."

"யாரோட சாரம் இது?"

ரோட்டில் ஒரு செங்கோட்டை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பாண்டிதான் சொன்னான். "என்னுதுதான். வாசம் போயிட்டுன்னா... நான் வேலைக்குக் கட்டிட்டுப் போயி... வாசம் ஏத்திக் கொண்டாந்து குடுப்பேன். இப்ப குடுக்கதில்லம்மா. முன்னால. அந்தத் தூளு அப்பிடியே..."

டாக்டர் குனிந்து பிள்ளையின் வாயைப் பார்த்தார். "காரீயம் லேசா இனிக்கும். அதான் விடமாட்டேங்கிறா" என்றார்.

பாண்டி என் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் தொப்பென்று குத்தவைத்துவிட்டான். "நானே ஊட்டிருக்கேன் அண்ணாச்சி. எங்கையாலயே ஊட்டிருக்கேன். ஊட்டிப்புட்டு இவள வஞ்சேன், பீடி சுத்துதா, பீடி சுத்துதான்னு..." என்று தலையில் அடித்துக்கொண்டான்.

காளீஸ்வரி அழவில்லை. எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது. "பொறவு அழலாம், எந்திரிங்க" என்றாள். "அழுததுக்கு நமக்கு ஆயுசு பூரா கெடக்கு. இப்பம் அத அவ வாயிலேருந்து எடுக்கணும். அதுக்கு வழியப் பாருங்க."

வழி என்ன வழி? அவளேதான் எடுத்தாள். பிள்ளை அவள் முழங்கையில் பல் பதியக் கடித்தாள். கடிக்கட்டும் என்று கையைக் கொடுத்துக்கொண்டே மற்றக் கையால் சாரத்தை உருவினாள். டாக்டர் அதைக் கவரில் போட்டுக் கட்டி வாங்கிக்கொண்டார். தென்காசியிலிருந்து இலஞ்சி வரைக்கும் பிள்ளை போட்ட கூப்பாட்டில், பிள்ளையைக் கடத்திக்கொண்டு போகிறோமோ என்று பைக்கில் வந்த ஒருத்தன் என்னை மறித்தே கேட்டுவிட்டான். வாங்கிய அல்வாவை யாரும் தொடவில்லை.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் அந்த வீட்டைப் பார்க்கச் சகிக்காது. பிள்ளைக்கு உறக்கமில்லை, ஆத்தாளுக்கும் இல்லை. புதுத்துணி, பட்டுத்துணி, கரடிப்பொம்மை எதைக் கொடுத்தாலும் மோந்து பார்த்துவிட்டு எறிந்தாள். ஒரு சாயங்காலம் பாண்டி குளித்து முழுகி, சோப்பு வாசமாக என் ஆட்டோவிலிருந்து இறங்கினான். பிள்ளை வாசலுக்கு வந்தாள். அவன் ஆசையாகத் தூக்கினான். அவள் பழையபடி கழுத்தில் மூக்கை வைத்து இழுத்தாள். பிறகு அவன் நெஞ்சில் கையை ஊன்றித் தள்ளினாள்.

"அப்பா இல்ல" என்றாள். "நீ அப்பா இல்ல."

அடுப்படியிலிருந்து காளீஸ்வரி கரண்டியோடு ஓடி வந்தாள். "என்ன சொன்னா? இப்ப என்ன சொன்னா? அண்ணாச்சி, நீங்க கேட்டியளா? முழுசாச் சொன்னாள்லா!" மாதக்கணக்கில் ஒற்றைச் சொல்லுக்குத் தவமிருந்த வீட்டில் அதுதான் பிள்ளை பேசின முதல் முழுப் பேச்சு. காளீஸ்வரி கரண்டியும் கையுமாக அழுகிறாள், சிரிக்கிறாள். பாண்டி, பிள்ளையை இறக்கிவிடவும் மனசில்லாமல் தூக்கி வைத்திருக்கவும் முடியாமல், "நான் இல்லதான் தாயி, நான் இல்லதான். இன்னொருக்கச் சொல்லு, இன்னொருக்கச் சொல்லு" என்று கெஞ்சுகிறான். இப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, இனியும் பார்க்க வேண்டாம்.

வைகாசி வேலை வந்தது. பாண்டி இப்போது உலரச் சுரண்டுவதில்லை. முகத்தில் மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு, இரும்பை நன்றாக நனைத்து, ஈரத்தோடேயே சுரண்டி, வழிகிறதைச் சாக்கில் வாரிக் கட்டுவான். ஒரு நாள் வேலை இரண்டு நாளாகும். குற்றாலிங்கம் என்று ஒரு லாட்ஜ் முதலாளி, நல்ல மனுஷர்தான், அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏலே, சீசன் தலைமேல நிக்கி. நீ என்னடான்னா கேட்டக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்க?"

"குளிப்பாட்டித்தான் மொதலாளி சுரண்டுவேன். ஒங்க பேத்தியளும் லீவுக்கு வந்தா இந்தக் கேட்டுலதான தொங்குதாவ?"

அவர் கேட்டைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மறுபடி அவசரப்படுத்தவில்லை.

ஆனி பிறந்து சாரலும் விழுந்துவிட்டது. மூன்றாம் தடவை ரத்தம் பார்த்ததில் பாதிக்குமேல் இறங்கியிருந்தது. டாக்டர் சிரித்துவிட்டார், ஆனாலும் உள்ளதைச் சொன்னார். "போனது அத்தனையும் திரும்பி வரும்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன். சிலது வரும், சிலதுக்கு நீங்க கூட நின்னு பாடுபடணும். பேசிக்கிட்டே இருங்க, விளையாடுங்க, அடிக்காதீங்க." காளீஸ்வரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். சாரம் இல்லாத என் முன் சீட்டு எனக்கே வெறிச்சென்று இருந்தது.

"அண்ணாச்சி, நேரா அருவிக்கு விடுங்க" என்றான் பாண்டி.

லாட்ஜுகள் ஆரம்பித்த இடத்தில் தூறல் வலுத்தது. அபர்ணா பின்னால் ஆத்தாள் மடியில் இருந்தாள். நான் பழக்க தோஷத்தில் ஒவ்வொரு கேட்டையும் பார்த்து வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தேன். திடீரென்று பின்னாலிருந்து ஒரு கை நீண்டு என் காதுப்பக்கம் வந்தது.

"பச்சை" என்றாள்.

பிரேக்கை அழுத்திவிட்டேன். பின்னால் வந்த வேன்காரன் வைதான். அவள் காட்டின கேட் ஊதா. நல்ல பளிச்சென்ற ஊதா, பாண்டி அடித்ததுதான். "ஆமா தாயி, பச்சைதான்" என்றேன் நான். காளீஸ்வரி என் முதுகில் ஓர் அடி வைத்தாள். "பொய் சொல்லிக் குடுக்காதிய அண்ணாச்சி! அது ஊதா தாயி. ஊ...தா." பிள்ளை அவள் வாயையே உற்றுப் பார்த்தாள். சொல்லவில்லை. ஆனால் கேட்டைப் பார்த்தாள், என் விரலைப் பார்க்கவில்லை.

பேரருவியில் தண்ணீர் வெள்ளை வெள்ளையாகக் கொட்டியது. பாண்டி சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, தோளில் ஒரு வெள்ளைத் துண்டோடு கூட்டத்துக்குள் போனான். நானும் காளீஸ்வரியும் பிள்ளையோடு சாரலில் நனைந்துகொண்டு ஓரமாக நின்றோம். அவன் உள்ளே மறைந்துவிட்டான். தண்ணீரைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அபர்ணா கழுத்தை நீட்டி அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் இமைக்கவில்லை. பிறகு அவன் வெளியே வந்தான், தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட. வழக்கம்போல் இரண்டடி தள்ளியே நின்றான். கிட்டே வந்தால் அவள் தள்ளுவாள் என்று அவனுக்குப் பழகிவிட்டது.

அவள் கையை நீட்டினாள்.

அவன் என்னைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், பயந்து பயந்து வாங்கிக்கொண்டான். அவள் அவன் கழுத்தில் மூக்கை வைத்தாள். காதுக்குப் பின்னால் வைத்தாள். நெடுநேரம் இழுத்தாள். அவன் தோளில் கிடந்த ஈரத்துண்டின் முனையைப் பிடித்து இழுத்து வாயில் வைத்துச் சப்பினாள்.

பாண்டியின் கை தானாகத் துண்டைப் பறிக்கப் போனது. காளீஸ்வரி அந்தக் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். "விடுங்க" என்றாள். "அருவித் தண்ணிதான்."

பிள்ளையின் தாடையில் தண்ணீர் ஓடியது. வெறும் தண்ணீர், ஒரு நிறமும் இல்லை. அவள் முனையை வாயிலிருந்து எடுத்து, புருவத்தைச் சுருக்கி அதைப் பார்த்தாள், பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இனிக்கலப்பா" என்றாள்.

"இனிக்காது தாயி" என்றான் பாண்டி. "இனிமே இனிக்கவே இனிக்காது."

அவள் முனையை ஒருமுறை மோந்து பார்த்தாள். பிறகு இனிக்காத அந்த முனையை மறுபடி வாயில் வைத்துக்கொண்டு, அவன் தோளில் தலையைச் சாய்த்தாள்.